தையல் பிடித்த கால்கள்

பெரியாஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், அறுந்த விரலையும் அறுந்த கையையும் ஒட்டித் தைக்கிற பிரிவில், படிக்க வந்த டாக்டர் பிள்ளைகள் பழகுவதற்காகப் பலகையில் கட்டிவைத்த கோழிக்கால் ஒன்று உதைத்தது. கோழி இல்லை, கால் மட்டும். அன்று காலையில் சீனி ராவுத்தர் தன் கடையில் பிஸ்மி சொல்லி அறுத்து, தொடையோடும் நகத்தோடும் எடுத்துக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த கால் அது. அந்தக் கோழியின் மிச்சமெல்லாம் அதற்குள் யார் யார் வீட்டுச் சட்டியிலோ வெந்துகொண்டிருந்தது. கால் மட்டும் கட்டை அறுத்துக்கொண்டு மேசையிலிருந்து குதித்து, தத்தித் தத்திக் கதவுவரைக்கும் போய், அங்கே நின்றுகொண்டு தரையைக் கீறியது. மொசைக் தரை. கீறக் கீற ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அது விடவில்லை.

யாரும் பதறவில்லை. பிரிவின் பெரிய டாக்டர் ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காலைப் பார்த்தார், அதைத் தைத்த பையனைப் பார்த்தார். "தையல் நல்லா பிடிச்சிருக்கு. எழுதிக்கங்க," என்றார். அவ்வளவுதான். டாக்டருக்குப் படித்தவர்கள் எதைக் கண்டாலும் முதலில் மார்க் போட்டுவிட்டுத்தான் ஆச்சரியப்படுவார்கள், அதற்குள் ஆச்சரியப்படுகிற நேரம் போய்விடும்.

அதுவரைக்கும் மார்க் போட அங்கே வேறு வழி இருந்தது. காலின் ரத்தக்குழாய் சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து அதை வெட்டி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் திரும்பத் தைக்க வேண்டும். மூச்சை இழுத்துவிட்டால் ஊசி காணாமல் போய்விடும். தைக்கும்போது கையை மட்டும் வீடியோ எடுப்பார்கள், முகமும் தெரியாது, பேரும் தெரியாது. வெளியூர் டாக்டர்கள் அதைப் பார்த்து, கை நடுங்கியதா, குழாயின் ஓரத்தை இடுக்கியால் கசக்கினானா, தையல் எதிர்ச்சுவரையும் சேர்த்துப் பிடித்துக் குழாயை அடைத்துவிட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மார்க் போடுவார்கள். கடைசியில் சிவப்பு மை கலந்த தண்ணீரை உள்ளே ஏற்றி, ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். கால் உதைக்க ஆரம்பித்த பிறகு இதெல்லாம் எதற்கு என்றாகிவிட்டது. உதைத்தால் பாஸ். உதைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வா. வீடியோவில் தங்கக்கை என்று பேரெடுத்த ஒரு பையனுக்குக் கடைசிவரைக்கும் உதைக்கவே இல்லை. கை நடுங்க நடுங்க, நெற்றி வியர்வை சொட்டச் சொட்டத் தைத்த இன்னொருத்தனுக்கோ கால் பலகையையே புரட்டிப் போட்டது. நடுங்குகிற கைக்கு அது உதைத்தது சீனி ராவுத்தருக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று பின்னால் வருகிறது.

உதைத்த கால்களை என்ன செய்வது என்பது அடுத்த பாடு. குப்பையோடு எரித்துவிடு என்றார்கள். எரிக்கிற ஆள் மாட்டேன் என்றுவிட்டான். "உசுரோட துள்றத அடுப்புல போட என்னைய என்னான்னு நெனச்சீங்க?" என்று கேட்டான். வார்டில் வைக்கலாமென்றால் அது நோயாளி இல்லை, கட்டில் ஒதுக்க முடியாது. கடைசியில், கொண்டுவந்தவர்தானே, அவரே கொண்டுபோகட்டும் என்று சீனி ராவுத்தரின் கூடையிலேயே திரும்பப் போட்டு அனுப்பினார்கள். படித்தவர்கள் ஒரு பிரச்சினையைத் தீர்ப்பது இப்படித்தான், அது யார் தலையில் இறங்கும் என்று பார்த்து அங்கே இறக்கிவைப்பது.

ராவுத்தர் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜரத்திடம் கேட்டார். ஹஜரத் தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"மறுபடி அறுக்கலாமான்னு கேக்கறீங்களா?"

"ஆமாங்க ஹஜரத்து."

"கழுத்து எங்க இருக்கு?"

"கழுத்து இல்லீங்க."

"கழுத்து இல்லாதத எங்கிட்டு அறுக்கிறது? ஒரு தடவை அறுத்தாச்சு, அது கணக்கு முடிஞ்சது. தின்னவும் வேணாம், அடிக்கவும் வேணாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அவை பாட்டுக்குக் கிடந்தன. கடைக்குப் பின்னால் ராவுத்தர் வீட்டு முற்றத்தில் கால்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒற்றைக் காலில் நின்றபடியே அதே காலால் மண்ணைக் கீறும், அது எப்படி முடிகிறது என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தால் வெளியே போகும். டவுன் பஸ் டிரைவர்கள் ஆட்டுக்கு அடிப்பதுபோல ஹாரன் அடித்து, அவை தத்திக் கடக்கிறவரைக்கும் நிறுத்திக்கொள்வார்கள். நாய்கள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஒரு காலுக்குப் பாசிமணி கட்டிவிட்டார்கள். ஆலையில் விரல் போன வீட்டார், ஆபரேஷனுக்கு முன்னால் ராவுத்தர் கடைக்கு வந்து, "எந்த டாக்டரோட கால் பாய் நல்லா நடக்குது?" என்று விசாரித்து, அந்த டாக்டர் பேரைச் சொல்லி ஆஸ்பத்திரியில் அடம்பிடித்தார்கள். டாக்டர் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள்கூட, "பையனுக்குக் கால் உதைச்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். டாக்டர் பிள்ளைகளிடமும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பரீட்சையன்று காலைத் தட்டிலிருந்து எடுக்க மாட்டார்கள். ராவுத்தர் தன் கையால் எடுத்து, பிஸ்மி சொல்லிக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். பாய் கைராசி என்றார்கள். சிலுவை போட்ட பிள்ளையும் விபூதி பூசின பிள்ளையும் கையேந்தி நின்று வாங்கிக்கொண்டு போகும்.

ஒன்று மட்டும் ராவுத்தருக்கு உறுத்தலாக இருந்தது. கண் இல்லாத அந்தக் கால்கள் எங்கே சுற்றினாலும், சுவரில் முட்டி, வாசற்படியில் இடறி, கடைசியில் முற்றத்தில் ஒரே இடத்தில் வந்துதான் கூடும். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில். அங்கேதான் கீறும். அவர் விளக்குமாறால் விரட்டுவார், போகும், வரும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், அவர் மகள் ரகமத்துக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அங்கே இருந்தது ரகமத்தின் மூன்று விரல்கள்.

அவள் அவருக்கு ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. கடைக்கு எதிர்த்தாற்போல் நோட்டுப் புத்தகம் செய்கிற அச்சாபீசில் வேலைக்குப் போனாள். பெரியகுளத்தில் மாப்பிள்ளை பேசி, நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கிற சமயத்தில், பேப்பர் வெட்டுகிற மெஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவர் ராவுத்தர்தான். மகளை ஆட்டோவில் ஏற்றினார். கீழே கிடந்த விரல்களைப் பொறுக்கினவரும் அவர்தான். கறி கெடாமல் காக்கத் தெரிந்த மனுஷன், ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. "வெட்டு சுத்தமான வெட்டு," என்று ஆஸ்பத்திரியில் எல்லோருமே சொன்னார்கள். அன்று தைத்தது ஞானசிகாமணி. அப்போது அவர் பெரிய டாக்டர் இல்லை, இந்தப் பிள்ளைகளைப் போலப் படிக்க வந்தவர். பகல் முழுக்கத் தைத்துவிட்டு வெளியே வந்தபோது அவருடைய இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்ததை ராவுத்தர் பார்த்தார். சில நாளில் விரல்கள் கறுத்தன. அதே கைதான் அவற்றை மறுபடி வெட்டி எடுத்து, பஞ்சில் சுற்றி, அவர் கையில் கொடுத்தது. பெரியகுளத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து ராவுத்தர் அந்த நடுங்கிய கையை மறக்கவில்லை. நடுங்குகிற கையை எம் புள்ளை மேல பழக விட்டானுங்களே என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்திருக்கும்போதும் நினைத்துக்கொள்வார். பின்னால் ஆஸ்பத்திரியில் பழகக் கோழிக்கால் வேண்டும் என்று கேட்டபோது, யாரையும் முந்திக்கொண்டு போய் நான் தருகிறேன் என்றார். கோழியில பழகட்டும், மனுஷப் புள்ளைல வேணாம் என்பது ஒரு காரணம். ஞானசிகாமணி முகத்துக்கு முன்னால் தினமும் போய் நிற்கலாம் என்பது இன்னொரு காரணம். அவர் வணக்கம் சொன்னால் இவர் கூடையைப் பார்ப்பார். "ரகமத்து நல்லாருக்காளா பாய்?" என்று கேட்டால், "இருக்கா," என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. பகையைத் தினம் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறவர்களுக்கு அதில் ஒரு குளிர்ச்சி உண்டு, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படியிருக்கும்போது ஞானசிகாமணியின் மகள் பெனிட்டா அதே பிரிவில் படிக்க வந்தாள்.

நல்ல பெண் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ராவுத்தரைக் கண்டால் எழுந்து நிற்பாள். கைச்சுத்தமும் உண்டு. பழகும்போது அவள் தைத்த கால்கள் எல்லாமே உதைத்திருந்தன. பாசிமணி கட்டிய கால் அவளுடையதுதான். பரீட்சையில் ஒரு தடவை உதைத்துவிட்டால் அவளும் அப்பாவைப் போல டாக்டருக்கு டாக்டர். ராவுத்தர் யோசித்தார். எம் மகளுக்குப் போன மாதிரி அவன் மகளுக்கும் ஒன்று கையைவிட்டுப் போகட்டும், அவனும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தார். வழியும் அவர் கையிலேயே இருந்தது. வெயில் காலத்தில் சில நாள், முந்தின நாள் மிஞ்சிய கால்களை உடைத்த ஐஸுக்குள் புதைத்து வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அந்தக் கால்கள் யார் தைத்தும் உதைத்ததில்லை. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு மனசு சில இடங்களைத் தானாகவே வைத்துக்கொள்கிறது.

பரீட்சையன்று காலை, ஐஸ்பெட்டியின் அடியில் கையை விட்டு ஒரு காலை எடுத்தார். பாவாடையைச் செருகிக்கொண்டு இறகு உரித்துக்கொண்டிருந்த ரகமத்து நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். காலைத் துணியால் துடைத்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, குளிர் தெரியாமல் ஆக்கி, புதுக் கால்களோடு கூடையில் ஓரமாக வைத்தார்.

வெளியூரிலிருந்து இரண்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். மகளுக்கு அப்பன் மார்க் போடக்கூடாது என்பதால் ஞானசிகாமணி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து கையேந்தினார்கள்.

"பாய், பாத்து நல்ல காலாக் குடுங்க," என்றாள் பெனிட்டா. "எங்கப்பா மூஞ்சிய நான் வீட்லயும் போய்ப் பாக்கணும்."

பின்னால் நின்ற பையன் சிரித்தான். "ஒனக்கென்ன, ஒனக்குக் கோழியே எந்திரிச்சு வந்து வணக்கம் வைக்கும்."

"பிஸ்மில்லா," என்று ராவுத்தர் ஓரத்தில் இருந்த காலை எடுத்து அவள் கையில் வைத்தார். அவர் கை நடுங்கவில்லை.

ஒவ்வொரு மேசையாக உதைக்கிற சத்தம் வந்தது. கட்டு அறுந்தது, தட்டு விழுந்தது, யாரோ கைதட்டினார்கள். பெனிட்டாவின் மேசையில் சத்தம் இல்லை. அவள் தைத்து முடித்து, குழாயைப் பிடித்திருந்த கவ்வியை எடுத்து, காத்திருந்தாள். பிறகு தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள். மறுபடி காத்திருந்தாள். பிறகு குழாயை நீளவாக்கில் வெட்டி, மைக்ராஸ்கோப்பை நெருக்கமாக இறக்கி உள்ளே பார்த்தாள்.

"சார், இந்தக் கால் ஐஸ்ல கெடந்திருக்கு," என்றாள்.

வெளியூர் டாக்டர்களில் பருமனானவர் எழுந்து வந்தார். "கைய விட்டுட்டுக் கோழி மேல பழிய போடாதம்மா."

"இல்ல சார், வந்து பாருங்க. குழாயோட உள்தோல் பாலாடை மாதிரி உரிஞ்சு வருது. சதையில நேரா ஐஸ் பட்டா இப்படித்தான் ஆகும். ஜனங்களும் இப்படித்தான சார் செய்றாங்க? வெட்டுப்பட்ட விரலைத் துணில சுத்தி, கவர்ல போட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸ்ல வைக்கணும். பதட்டத்துல நேரா ஐஸுக்குள்ள போட்டுக் கொண்டாந்துடறாங்க. அதுக்கப்புறம் யார் தைச்சாலும் நிக்காது சார். அந்த நேரத்துக்குச் செவப்பாத் தெரியும், நாலு நாள்ல கறுத்துரும்."

கூடையைப் பிடித்திருந்த ராவுத்தருக்கு அந்த அறை கொஞ்சம் தள்ளிப்போனது. தன் கடை ஐஸ்பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. உடைத்த ஐஸைக் கையால் விலக்கி, மீனைப் பதிப்பதுபோல மகளின் மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகப் பதித்து, மேலே இன்னும் இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டு அமுக்கியது வந்தது. அமுக்கினதுதான். கெட்டுவிடக் கூடாதே என்று நன்றாக அமுக்கினார்.

"பாய்," என்றார் பருமனான டாக்டர். "ஐஸ்ல வெச்ச காலா இது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஞானசிகாமணி எழுந்து வந்து, மகளின் மேசையிலிருந்த காலை எடுத்து, தொடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அவரும் நிமிர்ந்து ராவுத்தரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைத்தான் ராவுத்தரால் பொறுக்க முடியவில்லை.

"இல்லீங்க," என்றார். "எல்லாம் காலைல அறுத்தது."

ஞானசிகாமணி வாயைத் திறக்கப் போகிறார் என்று ராவுத்தர் நினைத்தார். திறந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஞானசிகாமணி காலை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"உதைக்கல. எழுதிக்கங்க," என்றார்.

பெனிட்டா கையுறையைக் கழற்றினாள். அப்பாவைப் பார்க்கவில்லை. ராவுத்தரிடம் வந்து, உதைக்காத அந்தக் காலை அவர் கூடையில் தானே வைத்துவிட்டுப் போனாள்.

ராவுத்தர் வீட்டுக்கு வந்தபோது மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. கால்கள் எல்லாம் முருங்கையைச் சுற்றி அசையாமல் நின்றன. இத்தனை நாள் கீறினது கீறி முடித்திருந்தன. அவை தோண்டிய குழிக்குப் பக்கத்தில் ரகமத்து குத்தவைத்து உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மக்கிப்போன பஞ்சு, அதற்குள் ரத்தினக்கற்கள் மாதிரி சின்னச் சின்ன எலும்புகள்.

"மூடுறதுக்கு ஒரு கல்லு கொண்டாங்கத்தா," என்றாள்.

அவர் போகவில்லை. கூடையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ரகமத்து, ஐஸுல நேரா வெக்கக் கூடாதாமே."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அந்த டாக்டருதான். வெரல எடுக்கிற அன்னிக்கு எங்கிட்ட சொன்னாரு. அத்தாகிட்ட சொல்லாதம்மா, அவருக்கு அந்தக் கையிலதான் பொழப்பு, இதைக் கேட்டாருன்னா அப்புறம் கத்தியத் தொட மாட்டாருன்னாரு." மிச்சமிருந்த இரண்டு விரல்களால் மண்ணை வழித்துக் குழிக்குள் தள்ளினாள். "நானும் சொல்லல."

ராவுத்தர் கூடையை இறுக்கிப் பிடித்தார். அந்த நேரத்தில் வேறு ஒரு மனுஷனாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடியிருப்பான், அல்லது அந்தக் குழியில் முகத்தை வைத்து அழுதிருப்பான். அவர் அவ்வளவு வருஷம் சுமந்ததைக் கீழே வைத்தால் கை காலியாகிவிடும். காலிக் கையோடு அவருக்கு நிற்கத் தெரியாது.

"அவன் எங்கிட்ட சொல்லியிருக்கணும்ல?" என்றார். "எங்கிட்ட மறைக்க அவன் யாரு? எம் புள்ளகிட்ட சொல்வானாம், எனக்கு இரக்கம் பாப்பானாம். இத்தனை வருஷம் நான் எதுக்க நிக்கிறப்பெல்லாம் உள்ளுக்குள்ள இதை வெச்சுக்கிட்டுத்தான நின்னுருக்கான். இன்னிக்கும் சொல்லலியே அவன்!"

ரகமத்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னிக்கு எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள். "காலைல ஐஸ்பெட்டியில இருந்து எடுத்தீங்களே ஒரு காலு. அது யாருக்கு அத்தா?"

அவர் கூடையிலிருந்து உதைக்காத அந்தக் காலை எடுத்து அதே குழிக்குள் போட்டார். மண்ணைத் தள்ளினார். துணி துவைக்கிற கல்லை நெம்பிப் புரட்டி, குழிமேல் கிடத்தினார். கல் விழுந்த அதிர்ச்சியில் கால்கள் எல்லாம் ஒரு தடவை துள்ளின, பிறகு ஒவ்வொன்றாகக் கல்மேல் ஏறின.

பெனிட்டா ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரவில்லை. தோல் டாக்டருக்குப் படிக்கச் சென்னைக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். ராவுத்தர் இன்றைக்கும் கூடையோடு மூன்றாவது மாடிக்குப் போகிறார். ஞானசிகாமணி வணக்கம் சொல்கிறார், இவர் கூடையைப் பார்க்கிறார். முன்பு இருந்த பகை ஒன்று, இப்போது இரண்டு. இரண்டாவதுதான் கனம். முதலாவதை அந்த மனுஷன் செய்யவே இல்லை. இரண்டாவதை, மன்னித்ததை, உண்மையிலேயே செய்திருக்கிறான்.

வீட்டு முற்றத்தில் கல்லை நகம் கீறுகிற சத்தம் பகலெல்லாம் கேட்கிறது. தெருவுக்கு அது பழகிவிட்டது, ரைஸ்மில் சத்தம் பழகுவதுபோல. புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி கறி வாங்க வந்தவள் மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எதுக்கு பாய் அதுக இப்படிக் கெடந்து கீறுதுக?" என்றாள்.

"பசிக்குதும்மா."

"வாயே இல்லையே பாய், அதுக்கு என்ன பசி?"

ராவுத்தர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐஸ்பெட்டியை மூடினார், கத்தியை எடுத்தார், கட்டையில் ஓங்கி வெட்டினார். பின்கட்டில் இறகு உரித்துக்கொண்டிருந்த ரகமத்து கையை நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவும்மா வேணும்?" என்றார் ராவுத்தர்.